கடைசி ரெண்டு அடி

கைப்பேசியை அப்பாவின் காதோரமாகத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டு அவள் கையை எடுப்பதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது. முதலில் எண்ணெய் காய்கிற மாதிரி ஒரு பொரிச்சல், பழைய ரெக்கார்டுகளுக்கே உள்ளது. அப்புறம் பித்தளைக் குழல்கள் அத்தனையும் ஒரே மூச்சில் எழுந்தன. அவற்றுக்கு அடியில், கொஞ்சம் எட்டத்தில், தொம் தொம் என்று பெரிய டிரம்.

இரண்டு நாளாகப் போட்டது போட்டபடி கிடந்த வலது கை அசைந்தது. முதலில் ஆள்காட்டி விரல் மட்டும். பிறகு நாலு விரலும் சேர்ந்து மடங்கி, மணிக்கட்டு எழும்பி, கட்டிலின் மரச்சட்டத்தில் விழுந்தது. மறுபடி எழும்பியது, மறுபடி விழுந்தது. குழல்களோடு இம்மி பிசகாமல் சேர்ந்து போயிற்று.

"அம்மா, இங்க வாயேன். கையைப் பாரு."

அம்மா ஈரக்கையோடு அடுப்படியிலிருந்து வந்து கால்மாட்டில் நின்றாள். "அவருக்குக் காது கேக்குதா?"

"கேக்காமலா தாளம் போடறாரு?"

"நர்ஸம்மா எதுவும் கேக்காதுன்னு சொன்னாங்களே."

"சொன்னா சொல்லட்டும்மா."

மகளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. சிறுநீரகம் ரெண்டும் கைவிட்டுவிட்டன, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிய பிறகு அப்பாவிடமிருந்து வந்த முதல் பதில் இது. அவர் பட்டாளத்து பேண்டில் இருந்தபோது வாசித்துப் பதிவான பாட்டு. எத்தனையோ வருஷம் தேடியும் அவர் கைக்கு அகப்படாத ரெக்கார்டை அவள் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பாட்டு முடியப்போகிற இடத்தில் ஓர் ஆண்குரல் குறுக்கே வந்தது. வழவழப்பான வானொலிக் குரல். "நேயர்களே, இதுவரை நீங்கள் கேட்டது" என்று அது தொடங்கியதும் பேண்ட் சின்னதாகிக்கொண்டே போய், யாரோ அடுத்த அறைக்குத் தூக்கிக்கொண்டு போன மாதிரி இல்லாமல் போயிற்று. ரெக்கார்டு அவ்வளவுதான். கைப்பேசித் திரை இருண்டது.

அப்பாவின் கை நிற்கவில்லை.

அவள் காத்திருந்து பார்த்தாள். பாட்டில்லாமல் தாளம் மட்டும் மரச்சட்டத்தில் நடந்துகொண்டிருந்தது. தன் கையை அதன்மேல் வைத்து அழுத்தினாள். அடியிலிருந்து முட்டியது. எடுத்ததும், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

"நிக்க மாட்டேங்குதே," என்றாள் அம்மா.

"பாட்டோட கடைசி வரலைம்மா. ரெண்டு அடி வரலை."

அந்த வீட்டில் ரெண்டு அடிக்கு விளக்கம் தேவையில்லை, வெளியாருக்குத்தான் சொல்ல வேண்டும். பட்டாளத்து பேண்ட் தெருவில் நடக்கும்போது பாட்டுக்கு முடிவு என்று ஒன்று கிடையாது. தெரு முடிகிறவரை சுற்றிச் சுற்றி அதையே வாசிப்பார்கள். நிறுத்த வேண்டிய நேரம் வந்தால் பெரிய டிரம்காரர் தாளத்துக்கு நடுவில் பலமாக ரெண்டு அடி அடிப்பார். குழல் ஊதுகிறவர்கள் அந்த வரியோடு முடித்துக்கொண்டு குழலை இறக்குவார்கள். அப்பா சர்வீஸ் முழுக்க அந்த டிரம்மைத்தான் சுமந்தார். பட்டாளத்தைவிட்டு வந்தபோது டிரம்மை அங்கேயே விட்டுவிட்டார், ரெண்டு அடியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

சாப்பாடு போதும் என்றால் மேஜையில் ரெண்டு அடி. டிவியை அணைக்க நாற்காலிக் கையில் ரெண்டு அடி. தம்பி மார்க்கு ஏன் குறைந்தது என்று காரணம் சொல்ல ஆரம்பித்தால் முதல் காரணத்தோடு ரெண்டு அடி. வாங்கிக்கட்டிக்கொண்டது அதிகம் அம்மாதான். அவள் பேச ஆரம்பித்தால் ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் சுற்றிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவாள். அவள் விஷயத்துக்கு வருவதற்கும் அப்பா தட்டுவதற்கும் சரியாக இருக்கும். பின்கட்டுக் கதவு மழை வந்தால் உப்பிக்கொள்கிறது, நானும் எவ்வளவோ நாளாகச் சொல்கிறேன், அதை ஒருவாட்டி என்று அம்மா சொல்லும்போது தொம் தொம். அந்தக் கதவை ஒருவாட்டி என்ன செய்யவேண்டும் என்பது இன்றைக்கு வரைக்கும் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

மகளுக்கும் ஒரு ரெண்டு அடி உண்டு. புருஷன் வீட்டிலிருந்து பெட்டியோடு திரும்பி வந்த அன்று, சாப்பாட்டு மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டு, ஏன் வந்தேன் என்று அவள் சொல்ல வாயெடுத்தாள். அப்பா தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மேஜையில் தட்டினார். அதற்கப்புறம் எழுந்துபோய் முன்னறையிலிருந்த தன் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போய்ப் பின்னறையில் வைத்தார். முன்னறை அவளுக்கு என்று ஆயிற்று. அவள் ஒரு கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிற வேலையில் சேர்ந்தாள். அப்பா அவளைக் 'கண்ணாடி' என்று கூப்பிட ஆரம்பித்தார். ஏன் வந்தாய் என்று மட்டும் அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. அது பெரிய மனசா, இல்லை கேட்கப் பொறுமையில்லாத குணமா என்று அவளால் ஒரு முடிவுக்கு வர முடிந்ததில்லை.

நர்ஸம்மா வழக்கம்போலக் காலையிலேயே வந்தார். மழைக்கோட்டை உதறி வாசலில் மாட்டிவிட்டு உள்ளே வந்தவர் கையைப் பார்த்ததும் நின்றார்.

"எப்பலேருந்து இப்படி?"

"ஒரு பாட்டு போட்டேன். அதுலேருந்து."

நர்ஸம்மா நாடியைப் பிடித்துப் பார்த்தார். "போற நேரத்துல சிலருக்கு இப்படி வரும். போர்வையைப் பிடிச்சு இழுப்பாங்க, காத்துல எதையோ பொறுக்குவாங்க. பாட்டுனாலன்னு சொல்ல முடியாது."

"தாளம் சரியா போடறாரே."

"அதென்னமோ எனக்குத் தெரியாதும்மா. நாடி கன்னாபின்னான்னு ஓடுது. இப்படியே போனா மனுஷன் ரொம்ப அசந்துடுவாரு. பாவம், தூங்கிக்கிட்டே போயிருக்க வேண்டியவரு."

நர்ஸம்மா குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் மகளுக்குச் சுருக்கென்றது. ஆரம்பித்துவைத்தது அவள்தான். அதை நிறுத்திவைக்க வேண்டியதும் அவள்தான் என்று ஆகிவிட்டது. அப்பாவின் விரல் முட்டிகள் மரத்தில் பட்டுப் பட்டுச் சிவந்திருந்தன. ஒரு துண்டை மடித்து மரச்சட்டத்தின்மேல் போட்டாள். சத்தம் அமுங்கியது. அப்பாவின் நெற்றியில் ஒரு சுருக்கம் விழுந்தது, கை மட்டும் ஓயவில்லை.

முதலில் அவளே தட்டிப் பார்த்தாள். அவர் எப்படித் தட்டுவாரோ அப்படியே, கட்டிலின் தலைமாட்டுப் பலகையில் பலமாக ரெண்டு அடி. வாழ்க்கையில் முதல்முறையாக அப்பாவிடம் ரெண்டு அடி போடுகிறோம் என்று கை கொஞ்சம் கூசியது. கூசியது வீண். அப்பா கண்டுகொள்ளவே இல்லை.

வெளியூரில் இருந்த தம்பிக்குப் போன் செய்தாள். அவன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். வழியில் வெள்ளமாம், வண்டி மெதுவாகத்தான் நகர்கிறதாம்.

"ரெண்டு அடி முழுசா கேக்கற மாதிரி வேற ஏதாவது பேண்ட் இருந்தா அனுப்புடா. நேர்ல நடக்கும்போது எடுத்ததா இருக்கணும். ரெக்கார்டுக்குன்னு வாசிச்சா அதை வெட்டிடறாங்க."

"இரு அக்கா, அனுப்பறேன். அப்பா சும்மாதான் கெடக்கறாருன்னு நெனச்சேன்."

"சும்மா இல்லடா. மார்ச் போயிட்டிருக்காரு."

பஸ்ஸில் உட்கார்ந்திருந்த தம்பிக்கு வேறு வேலை என்ன. அனுப்பித் தள்ளினான். எங்கெங்கோ உள்ள பட்டாளங்கள். அரண்மனை வாசலில் கரடித்தோல் தொப்பியோடு ஒரு பேண்ட், பனியில் ஒன்று, விளையாட்டு மைதானத்தில் சரசரவென்று கோலம் மாறி நடக்கிற ஒன்று, யாரோ பால்கனியிலிருந்து கை நடுங்க எடுத்த ஒன்று. அவள் ஒவ்வொன்றாக அப்பாவின் காதில் வைத்தாள். ஒவ்வொன்றிலும் கடைசியில் ரெண்டு அடி விழுந்தது, பேண்ட் நின்றது, ஜனங்கள் கை தட்டினார்கள். அப்பா நின்றபாடில்லை. வேறு பேண்டின் வேகத்துக்குத் தன் தாளத்தை மாற்றிக்கொள்ளக்கூட இல்லை.

அதுவும் அவர் குணம்தான். பேண்ட் என்றால் போதும், எவ்வளவு தூரமானாலும் போய்விடுவார். பூங்காவில் போலீஸ் பேண்ட் வாசிக்கிறதா, புதுப் பாலம் திறக்கிறார்களா, கப்பற்படை ஆட்கள் துறைமுகத்தில் இறங்குகிறார்களா, பேப்பரில் பார்த்து வைத்துக்கொண்டு போவார். எல்லாரும் முன்னால் நின்று பார்ப்பார்கள் என்றால் அப்பா பின்னால் போய்ப் பெரிய டிரம்காரரின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்வார். தன் வயிற்றில் தட்டிக்கொண்டே கேட்பார். சின்ன வயதில் கூடப்போன பிள்ளைகளுக்கு மானம் போகும். பழைய ரெக்கார்டு விற்கிற கடை எங்கே இருந்தாலும் நுழைந்துவிடுவார். பட்டாளத்து பேண்ட் ரெக்கார்டு எதைக் கொடுத்தாலும் கொஞ்சம் கேட்டுவிட்டு, "இது நாங்க இல்ல" என்று சொல்லிக் கடைக்காரரின் மேஜையில் ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு வந்துவிடுவார்.

அப்படி ஒரு கடைக்காரர்தான் இந்தப் பதிவை அனுப்பியவர். கடையை மூடிவிட்டு இப்போது வீட்டில் ரெக்கார்டுகளோடு குடித்தனம் நடத்துகிறார். அவருக்கும் போன் போட்டாள்.

"கடைசி இல்லையா? அடடா, அது ரேடியோலேருந்து எடுத்ததும்மா. அந்த அறிவிப்பாளர் வாயை வச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்க மாட்டாரே. எங்கிட்ட நிஜ ரெக்கார்டே இருக்கு, கடையை மூடினதுக்கு அப்புறம் கிடைச்சது. கொஞ்சம் கீறல். தொடைச்சு ஓட்டி அனுப்பறேன்."

"கடைசியில ரெண்டு அடி இருக்குமா சார்?"

"ரெக்கார்டு அறையில எடுத்தது இல்லம்மா அது, அணிவகுப்பு மைதானத்துல மைக் வச்சு எடுத்தது. குதிரை கனைக்கறதுகூட இருக்கும். உங்கப்பா அடி எங்க போயிடும்?"

மத்தியானம் சாப்பிடுவோர் இல்லாமல் சாப்பாடு மூடியே இருந்தது. மழை விட்டு விட்டுப் பெய்தது. துண்டின்மேல் அப்பாவின் கை நடந்துகொண்டே இருந்தது. மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. நர்ஸம்மா வேறு வீடுகளுக்குப் போக வேண்டியவர், போகாமல் உட்கார்ந்திருந்தார். அம்மா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பாலம் கட்டின வருஷம் தொடங்கி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் பதிவு வந்து சேர்ந்தது.

மகள் சத்தத்தைக் கூட்டி வைத்தாள். அதே பாட்டு. குதிரை நிஜமாகவே கனைத்தது. குழல்கள் அந்த இடத்துக்கு வந்தன, இந்தத் தடவை எந்தக் குரலும் குறுக்கே வரவில்லை. தாளத்துக்கு நடுவில், சுத்தமாக, பலமாக, தொம் தொம்.

பேசிக்கொண்டிருந்த அம்மா பாதியில் நிறுத்திவிட்டாள். எந்தக் காலத்திலோ, அவளைக் கட்டிக்கொள்வதற்கு முன்னால், யாரோ ஒரு வாலிபன் அடித்த அடிக்கு அவள் வாய் தானாக மூடிக்கொண்டது. நர்ஸம்மா, "அப்புறம்?" என்றார். அம்மா தலையாட்டிவிட்டுச் சும்மா இருந்தாள்.

குழல்கள் அந்த வரியை முடித்தன. மைதானத்துக் காற்று மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது, அதுவும் நின்றது. அப்பாவின் கை தன் பாட்டுக்கு எழும்பி விழுந்துகொண்டிருந்தது.

மகளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இதற்குமேல் தேட எதுவும் இல்லை. அவருடைய பேண்ட், அவருடைய டிரம், அவரே அடித்த அடி. அதற்கே நிற்காத கையை இனி யார் நிறுத்துவது? பெரிய கெட்டிக்காரி மாதிரி எதையோ தோண்டி எடுத்துக் காதில் வைத்து, சாகப்போகிற மனுஷனை நடு ரோட்டில் நடக்கவிட்டுவிட்டேனே என்று இருந்தது.

ஜால்ரா மாமா வந்தது அந்த நேரத்தில்தான். காலையிலேயே அம்மா ஆளிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். அப்பாவோடு பேண்டில் இருந்தவர். இரண்டு பெரிய பித்தளைத் தட்டுகளைச் சேர்த்து அடிக்கிற வேலை, அதனால் பட்டாளத்திலேயே அந்தப் பேர். ஜால்ரா அடிக்கிறதுக்குச் சம்பளமும் வாங்கி பென்ஷனும் வாங்குறவன் நான் ஒருத்தன்தான், மத்தவனெல்லாம் சும்மாவே அடிக்கிறான் என்று அவரே சொல்லிக்கொள்வார். தட்டு அடித்து அடித்து அவர் காது எப்போதோ போய்விட்டது. அதனால் ஊருக்கே கேட்கிற மாதிரிப் பேசுவார்.

குடையை மூலையில் வைத்துவிட்டு, நேராகக் கட்டிலுக்கு வந்தார். கையைப் பார்த்தார். முதல் வேலையாகத் துண்டை உருவி எடுத்தார்.

"யாரு போட்டது இதை? டிரம்முக்குத் துணி போட்டா சாவு ஊர்வலம்னு அர்த்தம். இன்னும் ஆள் இருக்கான்ல?"

"கை சிவந்துபோச்சு மாமா."

அவருக்குக் கேட்கவில்லை. கட்டிலின் இடது பக்கமாகச் சுற்றிப் போய் நின்று, அப்பாவின் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பாவின் கண் பாதி திறந்திருந்தது. மகள் கைப்பேசியைக் காட்டி, உரக்க, ஒவ்வொரு சொல்லாக, காலையிலிருந்து நடந்ததையெல்லாம் சொன்னாள். எந்த ரெண்டு அடிக்கும் நிற்கமாட்டேன் என்கிறார், அவருடைய அடிக்கே நிற்கவில்லை என்றாள்.

மாமா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"ரெண்டு அடியைக் கேட்டு மத்தவன் நிறுத்துவான். இவன் எதுக்கு நிறுத்தணும்? அடிக்கறவனே இவன்தானே."

"அப்ப அவரா அடிக்கணுமா?"

"அவனா எப்படி அடிப்பான்? முன்னாடி போறவரு கோலைத் தூக்கணும். வெள்ளிப்பூண் போட்ட பெரிய கோல். அதைக் கிடையா பிடிச்சு ரெண்டு கையாலயும் தலைக்குமேல தூக்குனா, நிறுத்துன்னு அர்த்தம். அதைப் பாத்துட்டுத்தான் இவன் அடிப்பான். டிரம்மைச் சுமந்துக்கிட்டுப் போறவனுக்கு வேற எதுவும் தெரியாது, முன்னாடி நாலு தொப்பியும் அந்தக் கோலும்தான் தெரியும். கண்ணை அதுலயே வச்சிருப்பான்." மாமா மூச்சு வாங்கினார். "என்னமோ இவன்தான் பாட்டை நிறுத்துறான்னு எல்லாரும் நெனப்பாங்க. இவனா ஒரு தடவைகூட நிறுத்துனது இல்ல."

 பெட்டியோடு வந்து நின்ற அந்த நாள் மகளுக்கு நினைவுக்கு வந்தது. மேஜையில் தட்டுவதற்கு முன்னால் அப்பா தலையை நிமிர்த்தினாரே, அது அவள் முகத்தைப் பார்க்க இல்லை. அவள் தலைக்குமேலாக, அவளுக்குப் பின்னால் எதையோ பார்த்துவிட்டுத்தான் தட்டினார். அவளுக்குப் பின்னால் அடுப்படி வாசல் இருந்தது. அங்கே நின்று நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டியது யார் என்பதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. அவள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையிலிருந்து எல்லாம் காதில்தான் வைத்துக்கொண்டிருந்தோம் என்று நினைத்துக்கொண்டே அவள் எழுந்தாள்.

அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு மூக்குக்கண்ணாடி இருந்தது. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்பாவின் பார்வையைச் சோதித்து, எட்டப் பார்வைக்கென்று செய்துகொண்டு வந்தது. கண்ணாடி போட்டவனை டிரம் தூக்க விடமாட்டாங்க என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார், ஒரு நாளும் போட்டதில்லை. கண்ணாடிக் கூட்டுக்குள் துடைக்கிற துணி கடையில் மடித்த மடிப்போடு இருந்தது. இத்தனை நாளில் அளவு மாறியிருக்கும், ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு இது தேவலை. தலையணைகளை அடுக்கி அவரைச் சாய்வாக நிமிர்த்தினாள். நர்ஸம்மா தோளைப் பிடித்துக்கொண்டார். காதுக்குப் பின்னால் கம்பியைச் செருகி, மூக்கின்மேல் சரியாக உட்காரவைத்து, வேலைப் பழக்கத்தில் சற்றுப் பின்வாங்கி நேராக இருக்கிறதா என்று பார்த்தாள்.

"கோலுக்கு என்ன பண்றது?" என்றார் நர்ஸம்மா. அவரும் இப்போது இதில் சேர்ந்துகொண்டுவிட்டார்.

"ஒட்டடைக்கம்பு இருக்கு," என்றாள் அம்மா.

அது பின்கட்டுக் கதவுக்கு வெளியே இருந்தது. மழையில் கதவு உப்பி இறுகிக் கிடந்தது. மகள் தோளால் இடித்துத் திறந்து, கம்பை எடுத்துக்கொண்டு வந்தாள். தலையில் தென்னந்தும்பு கட்டிய நீளக் கம்பு, தும்பில் பழைய ஒட்டடை தொங்கியது. மாமாவிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"நான் இவன் பக்கத்துல போறவன். என்னை என்னைக்கு இவன் திரும்பிப் பாத்திருக்கான்? ஜால்ராக்காரன் சொல்லி எவன் நிறுத்துவான்? தங்கச்சி, நீ பிடிம்மா."

அம்மா கம்பை வாங்கிக்கொண்டாள். கட்டிலுக்கு நேர் எதிரே, அறையைத் தாண்டி, கூடத்தின் அந்தக் கோடிக்குப் போய் நிற்கச் சொன்னார் மாமா. எட்டத்தில் இருந்தால்தான் அவனுக்குப் பழக்கம் என்றார். அம்மா போய் நின்றாள். கம்பைக் கிடையாக, இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு தூரத்தில் அவள் ரொம்பச் சின்னவளாகத் தெரிந்தாள்.

அப்பாவின் கண் கொஞ்சம் கூடத் திறந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அது எங்கே நின்றது என்று மகளால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. கை நடந்துகொண்டிருந்தது. மாமா கட்டிலின் இடது பக்கத்தில் தன் இடத்தில் நின்றார்.

அம்மா தூக்கவில்லை.

"தூக்கும்மா," என்றாள் மகள்.

அம்மா அப்படியே நின்றாள்.

"அம்மா, அவருக்கு மூச்சு வாங்குது. தூக்கு."

"இரு," என்றாள் அம்மா. "இன்னும் கொஞ்ச தூரம் போகட்டும்."

 நர்ஸம்மா நாடியில் வைத்திருந்த விரலை எடுத்துவிட்டார். மழை வலுத்தது, பிறகு தணிந்தது. மரச்சட்டத்தில் இடது கால், வலது கால், இடது கால், வலது கால் என்று சத்தம் போய்க்கொண்டே இருந்தது. அம்மா கம்பைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தபடி நின்றாள். அவள் எதையும் முணுமுணுக்கவில்லை, அழவும் இல்லை. தெருவில் போகிற பேண்டை வாசலில் நின்று பார்க்கிறவள் போலத்தான் நின்றாள். மாமா தனக்குக் கேட்காத தாளத்துக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அப்புறம் அம்மா கம்பை ரெண்டு கையாலும் பிடித்து மெல்ல மேலே தூக்கினாள். நெஞ்சுக்கு வந்தது, முகத்துக்கு வந்தது, தலைக்குமேல் போனது. கம்பின் ஒரு முனை சுவரில் உரசிற்று.

அப்பாவின் கை மற்ற அடிகளைவிடக் கொஞ்சம் உயரமாக எழும்பியது. தாளத்துக்கு நடுவில் ரெண்டு அடி விழுந்தது. அதன்பின் அந்த வரி முடிகிறவரைக்கும் நடந்து, கடைசி அடியில் மரச்சட்டத்தின்மேலேயே விரல் விரிந்து கிடந்தது. மாமா பக்கவாட்டில் விலக்கிப் பிடித்திருந்த வெறுங்கைகள் ரெண்டையும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு மூச்சு அவசரமில்லாமல் வந்தது. இடைவெளி கூடிக்கொண்டே போயிற்று. வெளிச்சம் மங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மூச்சுக்கு அப்புறம் அடுத்தது வரவில்லை. நர்ஸம்மா பார்த்துவிட்டுத் தலையசைத்தார். மகள் தம்பிக்குப் போன் செய்து சொன்னாள். பஸ் ஊருக்குள் நுழைந்துவிட்டது என்றான் அவன். மாமா குடையை எடுத்துக்கொண்டு, தெரிந்தவர்களுக்குச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று மெதுவான குரலில் சொல்லிவிட்டுப் போனார். அவரால் அவ்வளவு மெதுவாகப் பேச முடியும் என்று அதுவரை யாருக்கும் தெரியாது.

கண்ணாடியைக் கழற்றலாமா என்று மகள் யோசித்தாள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

நர்ஸம்மா கை கழுவப் பின்கட்டுக்குப் போனார். கதவு மறுபடி சிக்கிக்கொண்டது. ஒருமுறை தள்ளிப் பார்த்தார், திறக்கவில்லை. ஒட்டடைக்கம்பைத் திரும்ப வைப்பதற்காகப் பின்னால் வந்த அம்மா அவர் பக்கத்தில் நின்றாள்.

"மழைன்னா அப்படித்தான் உப்பிக்கும் அது. இந்த வீட்டுக்கு வந்த நாளா இருக்கு. நானும் இவருகிட்ட எவ்வளவோ சொல்லிட்டேன், அதை ஒருவாட்டி..."

அங்கே நின்றுவிட்டாள். மகள் கட்டிலருகிலிருந்து திரும்பிப் பார்த்தாள். மரச்சட்டத்தில் அப்பாவின் கை வைத்தது வைத்தபடி இருந்தது. அம்மா கம்பைக் கையில் பிடித்தபடி, ரெண்டு அடி விழுகிற நேரம் போகும்வரை காத்திருந்தாள்.

"கழட்டி அடியில கொஞ்சம் இழைச்சாப் போதும்," என்றாள்.